பொய்மீனின் மெய்நிறம்

மீன் என்ன நிறம் உடையது? சிறு பிள்ளையும் விடை கூறிவிடக்கூடிய வினாவாகவே இது தோன்றும். ஓவியத் தாளைக் கையில் கொடுத்து மீன் ஒன்றை வரையச் சொன்னால், மாணவருள் ஒருவர் செம்மஞ்சள் வண்ணத்தை எடுப்பார். மற்றொருவர் சாம்பல் வண்ணத்தை எடுப்பார். வெள்ளி நிறப் பென்சில் வைத்திருப்பவர் தம்மைப் பேறு பெற்றவராகவே கருதிக்கொள்வார். எடுத்த வண்ணத்தைத் தலை முதல் வால் வரை ஒரே சீராகப் பூசி முடிப்பார்கள். பார்க்கும் பெரியவர்களும் அதனை மீன் என்றே ஏற்றுக்கொள்வார்கள். மனிதரை ஏற்கச் செய்வது அத்துணை எளிது. ஆனால் அந்த ஓவியத்தை நீருக்குள் இருக்கும் மற்றொரு மீனிடம் காட்டி, அதுவும் ஒரு மீன்தான் என்று நம்பவைக்க முடியுமா?

அப்படி நம்பவைப்பதையே நோக்கமாகக் கொண்ட கைத்தொழில் ஒன்று உண்டு. தூண்டிலில் கோப்பதற்காக மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்த பொய்மீன்களுக்கு, உயிருள்ள மீனின் நிறத்தை ஊட்டும் தொழில் அது. அதற்குரிய கருவி மயிர்த் தூரிகை அன்று. ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை. விரலளவே உள்ள பொய்யிரை ஒன்றின்மேல் நெடுநேரம் குனிந்திருந்து வண்ணம் ஊட்டுவோர் உண்டு. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளுக்கு இத்துணைப் பாடு எதற்கு என்று கேட்போரும் உண்டு. பாடுபடுவோர் அறிந்த உண்மை இதுதான்: மனிதக் கண்ணை ஏமாற்றுவது வேறு, நீருக்குள் பிறந்து, நீருக்குள்ளேயே இரை தேடி வாழும் கண்ணை ஏமாற்றுவது வேறு. பின்னதற்கு வெறுங்கற்பனை உதவாது. உள்ளதை உள்ளபடி பார்க்கும் பயிற்சியே உதவும். பொய் சொல்ல வந்தவரை மெய்யின் மாணவராக்கிவிடும் தொழில் இது.

மீனை ஏமாற்றும் கலை மிகப் பழையது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியானஸ் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆறொன்றில் மீன் பிடித்தவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆற்று மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயை விரும்பி உண்டன. ஈயைப் பிடித்து முள்ளில் கோத்தால் அதன் நிறமும் சிறகும் கெட்டுவிட்டன. ஆதலால் அம்மக்கள் தூண்டில் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் இறகுகள் இரண்டினைக் கட்டி, பொய் ஈ ஒன்றைச் செய்துகொண்டார்கள். உயிர் ஈயின் நிறத்தை இழந்த பிணத்தைவிட, நிறத்தைக் காத்து நின்ற பொம்மை மீனுக்கு மெய்யாகத் தோன்றியது. நிறத்தின் ஆற்றலை அந்த ஆற்றங்கரை மக்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

மென்பிளாஸ்டிக் இரையின் வரலாறு மிக அண்மையது. அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்பவர் 1949இல் தம் இல்லத்துச் சமையலறையில் பிளாஸ்டிக் குழம்பைக் காய்ச்சி அச்சில் ஊற்றி மண்புழு வடிவம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய மனைவியும் அம்முயற்சியில் துணை நின்றார். மரத்திலும் உலோகத்திலும் செய்த பழைய பொய்யிரைகளை மீன் கவ்விய கணமே, கடினத்தை உணர்ந்து உமிழ்ந்துவிடும். மென்மையான இப்புழுவோ வாய்க்குள் சென்ற பின்னும் உயிர்ப்பொருள் போலவே இருந்தது. புழுவைத் தொடர்ந்து சிறுமீன், தவளை, இறால், நண்டு என ஒவ்வோர் உருவமும் மென்பிளாஸ்டிக்கில் பிறந்தது. உருவம் வந்துவிட்டது, தொடுவுணர்வும் வந்துவிட்டது, எஞ்சியது நிறம்.

அந்த நிறத்தை ஏற்றுவதில்தான் முதல் இடர் எழுகின்றது. இவ்விரைகள் வார்க்கப்படும் மூலப்பொருள் பால் போன்ற வெண்ணிறக் குழம்பு. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் நுண்தூளை, அதனை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற நீர்மத்தில் கலந்து வைத்திருப்பார்கள். ஏறத்தாழ 175 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேற்றினால் வெண்மை நீங்கித் தெளிவாகும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் வாழைத்தண்டைப் போலன்றி, வேகவைத்த நுங்கினைப் போல வளைந்து துவளும். சூடு மிகுந்துவிட்டாலோ குழம்பு மஞ்சளித்துக் கருகி, மூச்சுக்குழலை அரிக்கும் அமில ஆவியை வெளியிடும். ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்திலன்றி இவ்வேலையைச் செய்தல் ஆகாது.

வார்த்தெடுத்த இரையின் உடல் முழுதும் அந்த மென்மையூட்டும் நீர்மம் ஊறியிருக்கும். சாதாரண வண்ணத்தை அதன்மேல் பூசினால் ஓரிரு நாளில் பிசுபிசுத்து உரியும். அல்லது இரை வளையும்போதெல்லாம் வறண்ட வயல் போலப் பிளக்கும். உடலோ இழுத்தால் நீள்வது, மேற்பூச்சோ நீளாதது. இரண்டிற்கும் உறவு நிலைப்பது எங்ஙனம்? இதனை உணர்ந்தோர், அதே வைனில் இனத்தைச் சார்ந்த வண்ணங்களையே பயன்படுத்துவார்கள். அவ்வண்ணத்தில் உள்ள கரைப்பான், இரையின் மேற்பரப்பை மயிரிழையளவு இளக்கி உள்ளே இறங்கிப் பற்றிக்கொள்ளும். சிலர் வண்ணமிட்ட பின், நிறமற்ற தெளிந்த குழம்பில் இரையை ஒருமுறை தோய்த்தெடுத்து, வண்ணத்தை இரண்டு படலங்களுக்கு இடையே பொதிந்துவைப்பதும் உண்டு. மேலே ஒட்டிய நிறம் கழன்றுவிடுகிறது. உடலோடு உறவு கொண்ட நிறமே நிலைக்கின்றது.

இந்த மென்மைக்கு மற்றோர் இயல்பும் உண்டு. கருஞ்சிவப்புப் புழு ஒன்றையும் வெண்ணிற மீன் ஒன்றையும் ஒரே பையில் சேர்த்துவைத்தால், சில நாள்களில் புழுவின் சாயம் மீனின் உடலில் ஊறிவிடும். கழுவினாலும் போகாது. கடினமான சிலவகைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் இவ்விரைகளை வைத்தால், பெட்டியே இளகி உருக்குலைந்துவிடும். எதனோடு எதனைச் சேர்த்து வைப்பது என்பதில் விழிப்பு இல்லாதவர், பல மணி நேர உழைப்பை ஒரே வாரத்தில் இழந்துவிடுவார்.

இனிக் கருவியைப் பார்ப்போம். காற்றுத் தூரிகை என்பது பேனா அளவிலான உலோகக் குழல். அதன் நுனியிலுள்ள சிறு துளையை ஊசி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். மேலே வண்ணக் கிண்ணம். கீழே காற்றழுத்தும் பொறியிலிருந்து வரும் குழாய். ஆள்காட்டி விரலால் விசையை அழுத்தினால் காற்று பாயும். அழுத்தியவாறே பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகி வண்ணம் புகை போல் வெளிப்படும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வண்ணம். வண்ணத்தைப் பாலின் பதத்திற்கு நீர்க்கச் செய்து, சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 இராத்தல் வரையுள்ள அழுத்தத்தில் இதனை இயக்குவது வழக்கம். இக்கருவியின் முன்னோடி ஒன்றை 1879இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் என்பவர் உருவாக்கினார். தொடக்க நாள்களில் நிழற்படங்களைத் திருத்தி மெருகேற்றவே இக்கருவி பெரிதும் பயன்பட்டது. இறந்த கணத்தின் நிழலுக்கு உயிர்க்களை ஊட்டப் பயன்பட்ட கருவி, பின்னாளில் உயிரற்ற மீனுக்கு உயிர்க்களை ஊட்டவும் பயன்பட்டது.

மயிர்த் தூரிகையால் செய்ய இயலாதது எது? அது தொட்ட இடத்திற்கும் தொடாத இடத்திற்கும் இடையே ஒரு கரை விழும். மீனின் உடலில் அத்தகைய கரை அரிது. முதுகின் கரும்பச்சை எங்கே முடிகிறது, விலாவின் வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட எவராலும் இயலாது. ஒரு நிறம் மற்றொரு நிறத்தில் அந்தி வானம் போலக் கரைகின்றது. அக்கரைவைக் காட்டவல்லது புகை போன்ற வண்ணமே.

முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது அழகிற்காக அன்று. ஒளி மேலிருந்து விழுகின்றது. ஒரே நிறமுள்ள பொருளாயின், மேற்புறம் ஒளிபட்டு வெளுத்தும், அடிப்புறம் நிழல்பட்டுக் கருத்தும் தோன்றி, அதன் உருட்சி கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். இயற்கை இதனை மாற்றியமைத்து, ஒளிபடும் முதுகைக் கருமையாகவும் நிழல்படும் வயிற்றை வெண்மையாகவும் ஆக்கியது. ஒளியும் நிறமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, உடல் தட்டையாகத் தோன்றிப் பின்புலத்தில் மறைகின்றது. இந்த நியதியை 1896இல் விளக்கி எழுதியவர் அபட் தேயர் என்னும் அமெரிக்கர். அவர் ஓவியர் என்பது கருதத்தக்கது. உருட்சியைத் தாளில் வரவழைக்க நிழலிட்டுப் பழகிய கையே, உருட்சியை மறைக்க இயற்கை இட்ட எதிர்நிழலையும் கண்டுகொண்டது.

முதுகினும் வயிற்றினும் கடினமானது விலா. வெள்ளி நிறம் என்று பெயர் சொல்லிவிடலாம். ஆனால் மீனின் விலாவில் வெள்ளி நிறம் என்று ஒன்று இல்லை. குவானின் என்னும் பொருளால் ஆன மெல்லிய படிகத் தகடுகள் அங்கே அடுக்கடுக்காக நின்று ஒளியைத் திருப்புகின்றன. அது நிறம் அன்று, கண்ணாடி. பச்சை நீரில் பச்சையையும், கலங்கல் நீரில் மண்ணின் நிறத்தையும் அது காட்டும். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மணிமாலைக் கைவினைஞர் ஜாக்கின் என்பவர், ஆற்றுச் சிறுமீன்களின் செதில்களிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்துக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் பொய்முத்துகள் செய்தார். இன்று அபிரகத் துகள்களின்மேல் டைட்டானியம் டையாக்சைடு படலம் ஏற்றிய முத்துப்பொடி அந்த வேலையைச் செய்கிறது. வெள்ளி வண்ணத்தைக் கனமாகப் பூசினால் தகரத் துண்டு போன்ற மீன் கிடைக்கும். முத்துப்பொடியை நீர்த்த தெளிவண்ணத்தில் கலந்து, ஒளி ஊடுருவும் உடலின்மேல் பனி படிவது போல் படியவிட்டால், திருப்பும்போதெல்லாம் நிறம் மாறும் விலா கிடைக்கும்.

இவ்வளவும் அறிந்த பின்னரே கைவினைஞர் வேலையைத் தொடங்குகிறார். இரையை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறார். வயிற்றுக்கு முத்துவெண்மையை முதலில் ஊட்டுகிறார். பிறகு விலாவில் முத்துப்பொடியோடு இளமஞ்சளோ இளம்பச்சையோ மெல்லப் படர்கிறது. அடுத்து, கொசுவலைத் துணி போன்ற நுண்வலை ஒன்றை இரையின்மேல் இறுக இழுத்துப் பிடித்து, சற்றுக் கருமையான வண்ணத்தை ஒருமுறை தூவுகிறார். வலையை எடுத்தவுடன் செதில் வரிசை வெளிப்படுகிறது. முதன்முதல் காண்பவர்க்கு அது மாயம் போல் தோன்றும். ஆனால் தேர்ந்தவர் அங்கே நின்றுவிடுவதில்லை. மெய்ம்மீனில் செதில் எல்லா இடத்திலும் ஒரே தெளிவாகத் தெரிவதில்லை. விலாவின் மேற்பகுதியில் தெளிந்து, வயிற்றை நோக்கி மங்கி மறையும். ஆகவே வயிற்றருகே முத்துவெண்மையை மீண்டும் ஒருமுறை தூவி, தாம் செய்த செதிலைத் தாமே பாதி அழிக்கிறார். இறுதியில் முதுகின் கருமை, செவுளருகே மெல்லிய செம்மை, கண். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. கனத்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு ஐந்து மேலானது. முகத்தில் வடிகட்டி முகமூடி அணியாமல் இதனைச் செய்வது கேடு. மீனுக்குப் பூசும் புகையை மூச்சுப்பையும் ஏற்றுக்கொள்ளும் அன்றோ?

தொடக்க நிலையில் உள்ளோர் சந்தையில் மீன் வாங்கிவந்து மேசையில் வைத்துப் பார்த்து வண்ணம் தீட்டுவார்கள். முயற்சி பாராட்டத்தக்கதே, ஆனால் ஆசிரியர் தவறானவர். மீனின் தோலில் நிறத்தைச் சுருக்கியும் விரித்தும் காட்டும் உயிரணுக்கள் உண்டு. உயிர் பிரிந்ததும் அவற்றின் கட்டுப்பாடு போய்விடுகிறது. பச்சை சாம்பலாகிறது, மஞ்சள் வெளுக்கிறது, கண் புகைபடர்கிறது. சந்தை மீனைப் பார்த்துத் தீட்டியவர் பிணத்தின் நிறத்தையே தீட்டியவர் ஆவார். ஆற்றோரம் சென்று, ஓடும் நீரில் நிற்கும் குஞ்சு மீனைக் குனிந்து நோக்கியவரே உயிரின் நிறத்தைக் காண்பார். அப்பொழுதும் மேலிருந்து நோக்கும் மனிதர் முதுகை மட்டுமே காண்கிறார். இரையைத் தாக்கவரும் பெருமீனோ பெரும்பாலும் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ நோக்குகிறது. தம் கண்ணை விட்டு அதன் கண்ணிருக்கும் இடத்திற்கு மனத்தால் இறங்கிச் செல்ல வேண்டிய கட்டம் இது.

இறங்கிச் சென்றால் அங்கே வேறோர் உலகம். தெளிந்த நீரில் செந்நிற ஒளியே முதலில் மறைகிறது. பத்து மீட்டர் ஆழத்தை எட்டுமுன்னரே செம்மையின் பெரும்பகுதி கருமையாகிவிடும். செவுளில் ஆசையோடு தீட்டிய குருதிச் சிவப்பு அங்கே வெறும் நிழல். ஆனால் எல்லா நீரும் ஒன்றல்ல. பகாங் மாநிலத்துப் பெரா ஏரியைச் சூழ்ந்த சதுப்புக் காட்டில் இலையும் வேரும் ஊறி, நீர் தேநீர் நிறம் கொண்டிருக்கும். அந்நீர் நீல ஒளியை விழுங்கிவிட்டுச் செம்மையையே எஞ்சவிடும். அங்கே நீல முதுகு கருமுதுகாகும், செம்பழுப்பு ஒளிபெறும். திரங்கானுவில் அணை எழுந்து 1980களில் உருவான கென்யிர் ஏரியின் பசிய ஆழத்தில் மீண்டும் வேறு கணக்கு. ஆகவே இயற்கை நிறம் என்று எங்கும் செல்லும் ஒரே நாணயம் இல்லை. பெரா ஏரியில் இயற்கையாகத் தோன்றும் பொய்மீன், கென்யிரில் அந்நியனாகத் தோன்றும். இயற்கை நிறம் என்பது மீனுக்கும் நீருக்கும் ஒளிக்கும் இடையே உள்ள உறவு.

பார்க்கும் கண்ணையும் கணக்கிட வேண்டும். அமெரிக்க நன்னீர்களில் தூண்டிற்காரர் பெரிதும் நாடும் பெருவாய் பாஸ் மீனின் நிறப் பார்வையைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அம்மீனின் கண்ணில் நிறமறியும் உணரிகள் இரண்டு வகையே; ஒன்று சிவப்பையும் மற்றொன்று பச்சையையும் சார்ந்தவை. சிவப்பையும் பச்சையையும் அது நன்கு பிரித்தறிகிறது. ஆனால் ஒளிர்பசுமஞ்சளையும் வெண்மையையும் ஒன்றாகவே மயங்குகிறது. கருமையையும் கருநீலத்தையும் அவ்வாறே. கடைக்காரர் இரண்டாகப் பிரித்து இரு விலை சொல்லும் நிறங்கள் அந்த மீனுக்கு ஒன்றே!

இங்கே தொழிலின் நாணயம் சோதிக்கப்படுகிறது. கடையின் வெண்ணிற விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும் பொய்மீன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. நீலமும் பொன்னும் ஊதாவும் மின்னுகின்றன. பொய்யிரைகள் முதலில் பிடிப்பது மீனை அன்று, மனிதரையே என்று தூண்டிற்காரர்கள் தங்களைத் தாங்களே நகையாடிக்கொள்வது உண்டு. வாங்குவோர் கண்ணுக்காகத் தீட்டுபவருக்குப் புகழும் பொருளும் விரைவில் வரும். மீனின் கண்ணுக்காகத் தீட்டுபவரின் இரை, மேசைமேல் மங்கலாகவும் எளிமையாகவுமே இருக்கும். நீரில் இறங்கிய பின்னர்தான் அது உயிர் பெறும். அவ்வேலையை மதிப்பிட வல்லது நீர் ஒன்றே. அதற்குப் புகழுரை கூறத் தெரியாது.

இனி ஒரு முரணும் உண்டு. மீனின் இயற்கை நிறம் மறைந்து வாழ்வதற்காக ஏற்பட்டது என்று கண்டோம். அந்நிறத்தைப் பிழையின்றிப் பொய்மீனில் தீட்டிவிட்டால், பொய்மீனும் பிழையின்றி மறைந்துவிடும் அல்லவா? பிறர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே செய்த பொருளுக்குப் பிறர் கண்ணில் படாமை சிறப்பாகுமா? ஆகவே தேர்ந்த கைவினைஞர் எல்லாவற்றையும் இயற்கைபோல் தீட்டிய பின்னர், ஓர் இடத்தில் மட்டும் இயற்கையை மீறுகிறார். வயிற்றில் ஒரு கீற்று வெண்மை மிகுதி. விலாவில் ஒரு புள்ளி அழுத்தம். கண் சற்றே பெரிது. அந்தச் சிறு குறையே பெருமீனின் பார்வையைத் திருப்புகிறது.

குறையின் ஆற்றலை உலகிற்கு உணர்த்தியவர் பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ராப்பாலா. வறுமையில் வாழ்ந்த அவர், பெருமீன்கள் சிறுமீன் கூட்டத்தைத் தாக்குவதைப் படகிலிருந்து கவனித்து வந்தார். கூட்டத்தில் நலமாக நீந்தும் மீன்களை விட்டு, தள்ளாடி நீந்தும் ஒன்றையே அவை குறிவைத்தன. 1936இல் அவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த தாளை மேலே சுற்றி, நிழற்படச் சுருள்களை உருக்கிப் பூசித் தம் முதல் பொய்மீனைச் செய்தார். அது சற்றே தள்ளாடி நீந்தியது. அந்தத் தள்ளாட்டமே அதன் வெற்றி. நோயுற்ற மீனின் நடையையும், அஞ்சிய மீனின் வெளிறிய நிறத்தையும் கற்றுக்கொண்டு, மனிதர் அவற்றைக் கருவியாக்கிக் கொண்டார்கள்.

இந்த இடத்தில் தொழிற்பெருமையைச் சற்று நிறுத்திவைத்து எண்ண வேண்டியிருக்கிறது. மலேசிய ஏரிகளில் வாழும் தோமான் மீன் விரால் இனத்தது. ஒரு மீட்டருக்கும் மேல் வளர்வது. அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுவாங்கிச் செல்லும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அக்கூட்டத்தின் அருகே ஒரு சிறுமீன் வந்தால், பெற்றோர் சீறிப் பாய்ந்து தாக்கும். தூண்டிற்காரர் பலர் இதனை நன்கு அறிவார்கள். செங்குஞ்சுக் கூட்டம் குமிழியிடும் இடத்தைக் கண்டு அதன் நடுவே பொய்மீனை வீசுவார்கள். முள் தைக்கும். அப்பொழுது ஏமாந்தது அம்மீனின் பசி அன்று, அதன் பிள்ளைப்பாசம். காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் சில மணி நேரத்தில் தின்று குறைத்துவிடும். இதனை அறிந்து, செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் இரையை வேறு பக்கம் வீசும் தூண்டிற்காரரும் இருக்கிறார்கள். இருவர் கையிலும் இருப்பது ஒரே பொய்மீன், ஒரே நிறம். மீனின் இயல்பை இருவரும் நன்கு கற்றிருக்கிறார்கள். கற்றதை எங்கே நிறுத்துவது என்பதை ஒருவரே கற்றிருக்கிறார்.

மற்றொரு கடனும் உண்டு. மென்பிளாஸ்டிக் இரை எளிதில் கிழியும். மீன் கடித்த பாதி வால் நீரில் விழும். நரம்பு அறுந்தால் முழு இரையும் போய்விடும். மண்புழு ஆயின் சில நாள்களில் மண்ணாகும். இது மண்ணாவதில்லை. அடித்தளத்தில் கிடந்து, தன் மென்மையூட்டும் நீர்மத்தைச் சிறிது சிறிதாக நீரில் கசியவிடும். முள்ளில்லாமல் கிடக்கும் அத்துண்டை வேறொரு மீன் விழுங்கினால், அது செரிப்பதில்லை, குடலில் தங்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இத்தகைய இரைகளைத் தடை செய்யவேண்டுமென 2013இல் சட்ட மசோதாவே கொண்டுவரப்பட்டது. தடை நிறைவேறவில்லை, மேலும் ஆராய்வது என்று முடிவாயிற்று. தடை வரும்வரை காத்திருக்க வேண்டிய கடமையா இது?

எண்ணிப்பார்த்தால், நிறம் எத்துணை இயற்கையாக அமைகிறதோ அத்துணைக்குத் தீட்டியவரின் பொறுப்பும் கூடுகிறது. கண்ணைப் பறிக்கும் ஊதா நிறத் துண்டு ஒன்று ஆற்றடியில் கிடந்தால், அவ்வழி வரும் மனிதர் ஒருவராவது அதனைக் கண்டு எடுக்கக்கூடும். நீரின் நிறத்தோடு இசைந்து, செதிலும் கண்ணும் செவுளும் அமைந்த பொய்மீனை மனிதர் காணமாட்டார். மீன் கண்டு நம்பிவிடும். தூண்டிற்காரர் வீடு திரும்பிய பின்னும் அவர் சொன்ன பொய் நீருக்குள் தொடர்ந்து பேசிக்கொண்டேயிருக்கும்.

ஆகவேதான் இத்தொழிலில் முதிர்ந்தோர் சிலர் சில ஒழுங்குகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்கிறார்கள். கிழிந்த இரையை நீரில் எறிவதில்லை; சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மீண்டும் உருக்கி வார்க்கிறார்கள். இரை எளிதில் கழலாதபடி முள்ளில் இறுக்கமாகக் கோக்கிறார்கள். புதர்க்கிளையில் சிக்கிய இரைக்காகப் படகைத் திருப்பிச் சென்று எடுத்து வருகிறார்கள். பார்ப்போர்க்கு அது கருமித்தனமாகத் தோன்றலாம். நெடுநேரம் அந்த விரலளவு உடலின்மேல் குனிந்திருந்து, வயிற்று வெண்மையிலிருந்து முதுகுக் கருமை வரை ஒவ்வொரு படலமாக ஏற்றியவருக்குத்தான் தெரியும், அது எத்துணை மெய்போன்ற பொய் என்பது. மீனுக்கு அதனைத் தெரிந்துகொள்ளும் வழி இல்லை. தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆதலின் எடுத்துவரவேண்டியவரும் அவரே.